மண் மூடாத மலைகள்: லடாக் பயணக் குறிப்புகள்

ஞாயிறு: ஸ்ரீநகர் – ஸோஜி லா – கார்கில்

தில்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றாலும், ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகப் போவதென்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடம்பை ஒரே தாவலில் 3,500 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். மேகங்கள் எந்த மலையோடு நின்றுவிடுகின்றன என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. பள்ளியில் புவியியல் நடத்துகிறவனுக்கு இரண்டாவதே பெரிது. மழை மறைவுப் பிரதேசம் என்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள நிலத்தைத்தான் காட்டுவோம். அங்கே மழை குறைகிறது. இங்கே ஏறக்குறைய நின்றே போகிறது.

சோனமார்க் வரை சாலையின் இருபுறமும் பைன் மரங்களும் ஃபிர் மரங்களும் அடர்ந்திருந்தன. ஈரம் கசியும் பாறைகளில் பாசி படர்ந்திருந்தது. 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆறரைக் கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, பனிச்சரிவுக்குப் பேர்போன ஒரு பகுதியைத் தவிர்த்து நம்மைச் சோனமார்க்கில் கொண்டுவிடுகிறது. அதற்கப்பால் ஸோஜி லா கணவாயின் அடியில் இன்னும் நீளமான ஒரு சுரங்கத்தைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அது முடியும்வரை பழைய மலைப்பாதைதான்: ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் சேறு வழியும் சுவர், எதிரே இடம் விட மறுக்கும் சரக்கு லாரிகள். கணவாயின் உயரம் 3,528 மீட்டர். இமயமலைக் கணக்கில் இது பெரிய உயரமே இல்லை. ஆனால் இரண்டு உலகங்களுக்கு நடுவே உள்ள வாசல் இதுதான். மேற்கே ஏறும்போது கண்ணாடியில் தூறல் விழுந்தது. உச்சியைக் கடந்து கிழக்கே இறங்கியபோது முதலில் மரங்கள் காணாமல் போயின, பிறகு புதர்கள், திராஸை நெருங்குவதற்குள் ஆற்றங்கரை தவிர மற்ற இடங்களில் புல்லும் அற்றுப்போனது.

திராஸில் 1999ஆம் ஆண்டுப் போரின் நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றோம். டோலோலிங் மலை நேர் எதிரே தெரிகிறது. அந்தச் சரிவில் ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரிகிறது.

மரமும் மண்ணும் இல்லாத மலைகளை வறண்ட மலைகள் என்று அலுத்துக்கொள்ளும் பயணிகள் பலர் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. காடு மூடிய மலையில் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் சாலை வெட்டிய இடத்தையோ ஆறு அரித்த இடத்தையோ தேடிப் போக வேண்டும். இங்கே மலை முழுவதுமே வெட்டவெளி. இரண்டு கண்டங்கள் மோதியதைப் பற்றிப் பாடநூலில் ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியை ஒவ்வொரு வரியாக நிலத்தில் தேடிப் பார்ப்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

திங்கள்: கார்கில் – ஃபோட்டு லா – லாமாயுரு

கார்கிலின் உயரம் 2,676 மீட்டர். இரவு நன்றாகத் தூக்கம் வந்தது. காலையில் விடுதிக்காரர் கொடுத்த உலர்ந்த சர்க்கரை பாதாமியை மென்றுகொண்டே கிளம்பினோம்.

முல்பெக்கில் சாலையோரத்திலேயே ஒற்றைப் பாறையில் வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து நமிகா லா, 3,700 மீட்டர். அடுத்து ஃபோட்டு லா, 4,108 மீட்டர். ஸ்ரீநகர் – லே நெடுஞ்சாலையின் மிக உயரமான இடம் ஸோஜி லா என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில் அது இந்த ஃபோட்டு லாதான். இருந்தும் இங்கே பனிச்சரிவின் அச்சம் குறைவு. காரணம் எளிது: பெரிய இமயத் தொடரைத் தாண்டி வந்துவிட்டோம், பனியாகப் பொழிவதற்கான ஈரம் காற்றில் மிச்சமில்லை.

லாமாயுருவில்தான் வண்டியை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் நடந்தேன். மடாலயம் நிற்கும் குன்றைச் சுற்றி வெளிர் மஞ்சள் நிறத்தில், மடிப்பும் குடைவுமாக, சுற்றியுள்ள கரும் பாறைகளோடு சிறிதும் ஒட்டாத ஒரு நிலம் கிடக்கிறது. பயண நிறுவனங்கள் இதை ‘நிலா நிலம்’ என்று விற்கின்றன. அருகே போய்க் கையில் எடுத்துப் பார்த்தால் அது பாறையே இல்லை. விரலால் நசுக்கினால் மாவாகும் களிமண். முன்னொரு காலத்தில் மலைச்சரிவு ஒன்று ஓடையை அடைத்ததால் இங்கே ஏரி தேங்கியது. அதன் அடியில் ஆண்டாண்டாகப் படிந்த வண்டலே இந்த மஞ்சள் மண். பிறகு அணை உடைந்து ஏரி வடிந்தது. துறவி ஒருவர் இங்கிருந்த ஏரியைத் தம் வழிபாட்டின் வலிமையால் வடியவைத்தார் என்று மடாலயத்தின் கதையும் சொல்கிறது. ஏரி இருந்தது, வடிந்தது என்ற இரண்டு செய்திகளிலும் நிலவியலாளரும் துறவியரும் ஒத்துப்போகிறார்கள்.

வெட்டுமுகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது தாள் கனத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் மட்டும் கோடுகள் கலைந்து, சுருண்டு, மீண்டும் சீராகின்றன. ஏரி இருந்த காலத்து நிலநடுக்கத்தில் ஈர வண்டல் குலுங்கிய தடம் இது. லாமாயுருப் படிவுகளில் இத்தகைய தடங்களை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்யும் நாடாக இருந்தால் இவ்வளவு மென்மையான மண் இத்தனை காலம் நின்றிருக்காது.

செவ்வாய்: லாமாயுரு – கால்சி – நிம்மூ – லே

கால்சியில் சிந்து நதியை முதன்முதலாகப் பார்த்தோம். கைலாயப் பகுதியில் பிறந்து, வடமேற்காகவே ஓடி, பின் தெற்கே திரும்பிக் கராச்சி அருகே கடலில் சேரும் 3,180 கிலோமீட்டர் நதி இது. இங்கே சாம்பல் நிறத்தில், ஆழத்தில், அவசரமாக ஓடுகிறது. இந்திய நிலத்தட்டும் ஆசிய நிலத்தட்டும் இணைந்த கோட்டை ஒட்டித்தான் நதி பல நூறு கிலோமீட்டர் ஓடுகிறது. நிலவியலாளர்கள் அந்தக் கோட்டைச் சிந்து இணைப்பு மண்டலம் என்கிறார்கள். இதே கோட்டின் கிழக்குப் பகுதியில் பிரம்மபுத்திரா, திபெத்தில் எதிர்த்திசையில் ஓடுகிறது.

மோதல் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் இரு நிலங்களுக்கும் நடுவே டெத்தீஸ் கடல் கிடந்தது. இந்தியத் தட்டு அப்போது ஆண்டுக்கு 15 சென்டிமீட்டர் அளவு வேகத்தில் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. மோதிய பிறகு வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. இன்றைக்கும் நம் தென்னிந்தியா உட்பட மொத்தத் தீபகற்பமும் வடக்கே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆற்றின் வலக்கரையில், அதாவது வடக்கே, வெளிர் சாம்பல் நிறக் கிரானைட் மலைகள். இடக்கரையில் ஊதாவும் பச்சையும் செம்மையும் கலந்த அடுக்குப் பாறைகள். வடகரை ஆசியாவின் விளிம்பு. தென்கரைக்கு அப்பால் ஸன்ஸ்கார் மலைகள், இந்தியாவின் விளிம்பில் படிந்த கடல் வண்டல். நடுவே நதி. வகுப்பில் வண்ணச் சுண்ணாம்புக்கட்டியால் நான் போட்ட கோடு இவ்வளவு துல்லியமாக நிலத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நிம்மூவில் ஸன்ஸ்கார் ஆறு வந்து கலக்கிறது. இரண்டு நீரும் சிறிது தூரம் நிறம் மாறாமல் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கிறது. அடுத்துள்ள ‘காந்த மலை’யில் அதைவிடப் பெரிய கூட்டம். அணைத்து நிறுத்திய வண்டி மேட்டை நோக்கித் தானே ஏறுகிறது என்கிறார்கள். சுற்றியுள்ள சரிவுகள் கண்ணை ஏமாற்றுவதால் இறக்கம் ஏற்றமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் செலவிடத் தக்க இடமன்று.

புதன்: லே

இன்று ஓய்வு. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மனைவிக்குக் காலையில் லேசான தலைவலி. படிப்படியாக ஏறி வந்ததால் அதற்கு மேல் தொல்லை இல்லை. விமானத்தில் வந்து இறங்கியவர்கள் இரண்டு நாளாவது லேயை விட்டு மேலே ஏறாமல் இருப்பது நல்லது. இன்னொரு செய்தி: வெளி மாநில முன்கட்டணச் செல்பேசி இணைப்புகள் லடாக்கில் இயங்குவதில்லை; மாதக் கட்டண இணைப்பு வைத்திருப்பவர் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

மாலையில் ஒன்பது அடுக்கு அரண்மனைக்கு மேலிருந்து ஊரைப் பார்த்தபோது, பச்சை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. ஓராண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவே. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். ஆகவே வாய்க்கால் எட்டிய இடத்தில் பார்லியும் பாப்லர் மரமும் வில்லோ மரமும் நிற்கின்றன. வாய்க்காலுக்கு ஒரு முழம் மேலே வெறும் சரளை. பனியாறுகளிலிருந்து உருகி வரும் நீரைப் பங்கிட ஊருக்கொரு சுர்பொன் நியமிக்கப்படுகிறார். நம் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி பார்த்த அதே வேலை. யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் வாக்கு.

இங்குள்ள சிக்கல் நீரின் அளவைவிட அது வரும் காலத்தைப் பொறுத்தது. விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்துப் பனியாறுகள் நன்றாக உருகுவதோ ஜூனுக்குப் பிறகு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் பொறியாளர் செவாங் நோர்ஃபெல் குளிர்கால ஓடைநீரை நிழற்சரிவுகளில் கல்வரப்பு கட்டித் தேக்கி உறையவைத்தார். சோனம் வாங்சுக் 2013 வாக்கில் தொடங்கிய முயற்சி வேறு வகை: மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீறிட்டு, குளிர்கால இரவில் உறைந்து, கூம்பாக வளர்கிறது. ஒரே அளவு நீரைப் பரப்பி உறையவைப்பதைவிடக் கூம்பாக உறையவைத்தால் வெயில் படும் பரப்பு குறைவு. எனவே விதைப்புக் காலம் வரை தாங்குகிறது.

மழையை எதிர்பார்க்காத நிலத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை 2010 ஆகஸ்ட் 5ஆம் நாள் நள்ளிரவு காட்டியது. மேகவெடிப்பில் சரளைச் சரிவுகள் சேறாக இறங்கின. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேரோ மண்ணோ பிடித்து நிறுத்தாத சரிவுகள் அவை. பச்சை மண் செங்கல்லால் கட்டிய வீடுகள் கரைந்துபோயின.

வியாழன்: கர்துங் லா – நுப்ரா

லேயிலிருந்து வடக்கே கர்துங் லாவுக்கு 40 கிலோமீட்டர். ‘உலகின் மிக உயரமான வாகனச் சாலை, 18,380 அடி’ என்ற பலகையின் முன் படம் எடுத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். செயற்கைக்கோள் அளவீட்டின்படி கணவாய் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. எல்லைச் சாலைகள் அமைப்பு 2021இல் முடித்த உம்லிங் லா சாலை 5,798 மீட்டரைத் தொடுகிறது. கர்துங் லாவுக்கு அந்தப் பட்டம் இனித் தேவையில்லை. பனியாறு தொங்கும் வடக்குச் சரிவும், தொலைவில் காரகோரச் சிகரங்களின் வரிசையும் போதும். இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க ஓட்டுநர் விடவில்லை. சரியான முடிவு.

ஏறும் வழியெங்கும் கிரானைட். ஒரு வளைவில் இறங்கிக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிச் சாயல் குவார்ட்ஸ், நடுவே அரிசிமணி அளவில் கரும் படிகங்கள். ஆங்காங்கே உள்ளங்கை அகலத்தில் கருந்திட்டுகள். டெத்தீஸ் கடலின் தரை வடக்கே சரிந்து ஆசியாவின் அடியில் புகுந்தபோது, ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மேலேறி, வெளியே வர முடியாமல் நிலத்துக்குள்ளேயே மெல்லக் குளிர்ந்து இந்தக் கல்லானது. 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, மோதல் கடலை மூடும்வரை அந்த உலை எரிந்தது. மேலே இருந்த எரிமலைகள் பெரும்பாலும் அரிக்கப்பட்டுப் போய்விட, அவற்றின் அடிவயிறு லடாக் மலைத்தொடராக ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. மாமல்லபுரத்துப் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. அவற்றோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த கல்.

வடக்கே இறங்கினால் ஷியோக், நுப்ரா ஆறுகளின் அகன்ற பள்ளத்தாக்கு. சியாச்சென் பனியாற்றின் முகத்திலிருந்து வருவது நுப்ரா. டிஸ்கிட்டில் 32 மீட்டர் உயர மைத்ரேயர் சிலை பள்ளத்தாக்கைப் பார்த்து அமர்ந்திருக்கிறது. ஹுண்டரில் மணல்மேடுகள். பாலைவனம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆறு கொணர்ந்த மணலைப் பள்ளத்தாக்குக் காற்று குவித்துவைத்த சிறிய பகுதி அது. அங்குள்ள இரட்டைத் திமில் ஒட்டகங்கள் லேவுக்கும் காரகோரத்துக்கு அப்பாலுள்ள யார்க்கந்துக்கும் இடையே நடந்த வணிகத்தின் மிச்சம். எல்லை மூடியபோது வணிகம் நின்றது, விலங்குகள் இங்கேயே தங்கிவிட்டன. இப்போது பயணிகளைச் சுமக்கின்றன. நாங்கள் ஏறவில்லை.

வெள்ளி: நுப்ரா – ஷியோக் – பாங்காங்

லேவுக்குத் திரும்பாமல் ஷியோக் ஆற்றங்கரை வழியாகவே பாங்காங் ஏரிக்குப் போகலாம். சாலை பல இடங்களில் ஆற்றுப்படுகையிலேயே இறங்கிவிடுகிறது. நீர் பெருகும் கோடை நடுவில் இந்த வழி அடைபடுவதுண்டு. புரட்டாசிக்குப் பனியாறுகள் அடங்கிவிடுவதால் சிக்கலின்றிக் கடந்தோம்.

இந்தப் பள்ளத்தாக்குகள் வளையும் விதத்துக்கு ஆற்றைவிட நிலப்பிளவே காரணம். காரகோரப் பிளவு என்னும் நெடும் பிளவு நுப்ராவிலிருந்து தாங்சே, பாங்காங் வழியாகத் திபெத்துக்குள் செல்கிறது. அதன் இருபுறத்து நிலமும் பக்கவாட்டில் நழுவுகிறது. இந்தியா முட்டித் தள்ளும்போது நிலம் மேலே எழும்புவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் ஒதுங்குகிறது என்பதற்கு இது சான்று. தாங்சேக்கு அருகே சாலையோரப் பாறையில் வெள்ளையும் கருமையுமாக இழுத்து நீட்டப்பட்ட வரிகளைக் கண்டோம். சூட்டில் இளகிய பாறை பிளவின் இழுவையில் வரிவரியாக நீண்ட அடையாளம்.

பாங்காங் 4,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் உள்ள உப்பு ஏரி. 134 கிலோமீட்டர் நீளம், அதிகபட்சம் 5 கிலோமீட்டர் அகலம். அதன் பெரும்பகுதி சீனாவின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முற்காலத்தில் ஏரியின் நீர் தாங்சே வழியாக ஷியோக்கில் கலந்தது; வழி அடைபட்டு மட்டமும் தாழ்ந்த பிறகு வெளியேற வழியின்றி ஆவியாவது மட்டுமே நடக்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. உப்பு நீராயினும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். நீலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு இந்தித் திரைப்படத்தின் பெயரால் கரையில் போட்டுவைத்திருக்கும் மஞ்சள் ஸ்கூட்டர்களையும் பிளாஸ்டிக் இருக்கைகளையும் பற்றி யாராவது கடுமையாக எழுதினால் நல்லது.

சனி: சுஷுல் – ஹான்லே

பாங்காங்கின் தென்கரையை விட்டு நீங்கியதும் மலைகள் விலகி நிலம் விரிகிறது. இது சாங்தாங், சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திபெத்தியப் பீடபூமியின் மேற்கு ஓரம். பீடபூமி என்று தக்காணத்தைப் பழகிய நமக்கு, 4,300 மீட்டரில் சமவெளி இருக்கும் என்பதை ஏற்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. காட்டுக்கழுதைக் கூட்டமொன்று வண்டிக்கு இணையாக ஓடி, முந்திக்கொண்டு குறுக்கே கடந்தது. சாங்பா மேய்ப்பர்களின் ஆட்டு மந்தைகள் புள்ளிகளாகத் தெரிந்தன. பஷ்மினா என்று உலகம் விலைகொடுக்கும் மயிர், இந்தக் குளிரில் ஆடு தன் மேல்மயிருக்கு அடியில் வளர்த்துக்கொள்ளும் மென்மயிர்தான். குளிர் குறைந்தால் அதன் தரமும் குறையும்.

1962 போரின் ரெசாங் லா நினைவிடத்தைத் தாண்டி, லோமாவில் சிந்துவைக் கடந்து, மாலையில் ஹான்லே சேர்ந்தோம். வீட்டு விடுதியில் பிரஷர் குக்கரில் மட்டுமே சோறு வேகிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 86 பாகையிலேயே கொதித்துவிடும்.

ஊருக்குப் பக்கத்துக் குன்றில், 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நம் கொடைக்கானல், காவலூர் ஆய்வகங்களை நடத்தும் அதே நிறுவனம். தொலைநோக்கிக்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 2001 முதல் இயங்கும் இதைப் பெங்களூருக்கு அருகே ஹொஸ்கோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் இயக்குகிறார்கள். காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையில் பருவமழை மாதங்களில் மேகம் மறைத்துவிடும். வானொளியின் அகச்சிவப்புப் பகுதியைக் காற்றின் ஈரம் விழுங்கிவிடும். ஹான்லேயில் மேகமும் குறைவு, ஈரமும் குறைவு, தலைக்கு மேலுள்ள காற்றும் குறைவு. பாறையை மறைக்காத அதே வறட்சி இங்கே வானத்தையும் மறைக்காமல் விட்டிருக்கிறது.

2022 டிசம்பரில் இந்தப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர் விளக்குகளுக்கு மறைப்பு, வண்டிகளுக்கு முகப்பு விளக்குக் கட்டுப்பாடு. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் சிறு தொலைநோக்கிகளை வைத்துப் பயணிகளுக்கு வானம் காட்டுகிறார்கள். எங்களுக்குக் காட்டியவர் அவ்வூர்ப் பெண். வெறுங்கண்ணுக்கே தெரிந்த ஆண்ட்ரோமீடாவைச் சுட்டிவிட்டு, “இப்போது இதில் பாருங்கள், ஸார்” என்று இந்தியில் சொல்லித் தொலைநோக்கியைத் திருப்பினார். வெறுங்கண்ணிலேயே இன்னும் சற்று நேரம் பார்க்கிறேன் என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார்.

ஞாயிறு: ஹான்லே – நிதார் – த்சோ மோரிரி

இன்றைய வழி இந்தப் பயணத்தின் மையம். நியோமாவைத் தாண்டி மஹேயை நோக்கிச் சிந்துவின் ஓரமாகப் போகையில், தென்கரையில் நிதார் பக்கமாகக் கரும்பச்சை மலைகள் எழுகின்றன. அது டெத்தீஸ் கடலின் தரை. கடல்தரைப் பாறையின் பெரும்பகுதி ஆசியாவின் அடியில் புதைந்து போய்விட்டது. புதையாமல் தப்பித்து, மோதலின் நெருக்கத்தில் மேலே தள்ளப்பட்ட துண்டு இது. சாலையோரம் உருண்டு கிடந்த ஒரு கல்லைப் புரட்டினேன்: பாம்பின் தோலைக் காட்டும் வழவழப்பான பச்சை, நகம் பட்டால் வழுக்கும் மேற்பரப்பு. கடலுக்குப் பல கிலோமீட்டர் அடியில் இருக்க வேண்டிய பாறை, அதற்கு மிக அண்மையான கடற்கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் 4,200 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது.

மஹேயில் தெற்கே திரும்பி, சும்தோ வழியாகக் கோர்ஸோக். த்சோ மோரிரி ஏரி 4,522 மீட்டரில், 26 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கிறது. பாங்காங்கைவிட இது எனக்குப் பிடித்தது. கூட்டமும் இல்லை, மஞ்சள் ஸ்கூட்டரும் இல்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்த ஏரி. வரித்தலை வாத்துகள் இங்கே கோடையில் குஞ்சு பொரிக்கின்றன. நம் நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் அதே இனம். கரையோர நாணலில் இன்னும் புறப்படாத சில வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஏரியைச் சூழ்ந்த மலைகளின் கதை நிதாரைவிட விசித்திரமானது. கடல் தரை முடிந்து, அதன் பின்னே இழுபட்டு இந்தியக் கண்டத்தின் விளிம்பும் ஆசியாவின் அடியில் புகுந்தது. கண்டப் பாறை எடை குறைந்தது. அவ்வளவு ஆழம் போகாது என்றுதான் பலகாலம் கருதினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், டேராடூன் வாடியா நிறுவன ஆய்வாளர்கள் த்சோ மோரிரிப் பாறைகளில் கோசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார்கள். அது நாமறிந்த குவார்ட்ஸின் அதே வேதிப்பொருள். ஆனால் ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்து அழுத்தத்தில் மட்டுமே உருவாகக் கூடியது. ஆக, இந்திய விளிம்பின் இந்தத் துண்டு அவ்வளவு ஆழம் போய், மிதப்புத் தன்மையால் மீண்டும் மேலெழுந்து, இன்று கோர்ஸோக் மக்கள் ஆடு மேய்க்கும் மலையாக நிற்கிறது. எவரெஸ்டின் உயரத்தை ஒப்பிக்கும் என் மாணவர்களுக்கு இனி இந்த 90 கிலோமீட்டரையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.

திங்கள்: பூகா – த்சோ கர் – தக்லங் லா – உப்ஷி

சும்தோவுக்குத் திரும்பி மேற்கே போனால் பூகா பள்ளத்தாக்கு. தரையில் வெண்காரம் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. இடையிடையே கந்தக மஞ்சள். ஒரு குழியில் நீர் தளதளவென்று கொதித்து, விட்டுவிட்டு எம்பித் தெறித்தது. வெப்பம் 84 பாகை வரை பதிவாகியிருக்கிறது. இந்த உயரத்தில் அதுவே கொதிநிலை. புவிவெப்ப மின்சாரத்துக்கு நாட்டிலேயே மிகுந்த நம்பிக்கையளிக்கும் இடம் இது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அண்மையில் துளையிடும் வேலையும் தொடங்கப்பட்டது. டீசல் லாரிகள் பனிக்காலத்துக்கு எரிபொருள் சுமந்து ஏறும் நாட்டில் இவ்வளவு தாமதம் ஏற்கத் தக்கதன்று.

போலோகோங்கா லாவைக் கடந்து த்சோ கர். சுருங்கிக்கொண்டே வந்த உப்பேரி. இன்றைய நீர்மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் மேலே, சுற்றியுள்ள சரிவுகளில் பழைய கரைகள் படிக்கட்டாகத் தெரிகின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாக எண்ணிப் பார்த்தால் ஏரி எப்படி இறங்கியது என்பது புரியும். கருங்கழுத்துக் கொக்கு இணை ஒன்று தொலைவில் நின்றது. லடாக் ஒன்றியப் பகுதியின் அடையாளப் பறவை.

தக்லங் லாவை, 5,328 மீட்டர், பலத்த காற்றில் நிற்காமலேயே தாண்டினோம். அதற்குக் கீழே க்யா, மீரு ஊர்களைக் கடந்து உப்ஷி வரை செல்லும் குறுகிய பள்ளத்தாக்கில் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநருக்குச் சலிப்பு. ஊதா, பச்சை, மறுபடி ஊதா என்று பாறைத் தகடுகள் வெற்றிலைக் கட்டை நிமிர்த்தி வைத்தாற்போல் செங்குத்தாக நிற்கின்றன. கிடையாகப் படிந்த வண்டல் இப்படி நிமிர வேண்டுமென்றால் இருபுறத்திலிருந்தும் எவ்வளவு நெருக்கியிருக்க வேண்டும்.

மீருவுக்குக் கீழே ஒரு படுகையில் கூழாங்கற்கள் சிமெண்டில் பதித்ததாக இறுகியிருந்தன. உருண்டையான ஒரு கல் வெளிர் சாம்பல் நிறம், அரிசிமணி அளவில் கரும் படிகங்கள்: கர்துங் லா ஏற்றத்தில் நான் தொட்ட அதே கிரானைட். பக்கத்தில் செந்நிறக் கல்லொன்று. ஆழ்கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகள் படிந்து இறுகியது. ஆசிய எரிமலைகளின் அடிவயிறும் டெத்தீஸ் கடலின் அடித்தரையும் வெளியே தலைகாட்டி, மழையிலும் பனியிலும் உடைந்து, ஒரே ஆற்றில் உருண்டு வந்து இங்கே சேர்ந்திருக்கின்றன. அப்படியென்றால் இந்தக் கல் படிந்த நாளில் கடல் மூடி ஆறு ஓடத் தொடங்கிவிட்டது.

இந்தப் படிவ வரிசையின் கீழ்ப்பகுதியில் காசு வடிவ நம்முலைட் கடலுயிரிகளின் ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை ஒன்று உண்டு. வயது ஏறத்தாழ 5 கோடி ஆண்டு. லடாக்கில் கடல் கடைசியாக இட்ட படிவு அதுவே. அதற்கு மேலே வருபவையெல்லாம் ஆறும் ஏரியும் இட்டவை. மோதலுக்கு நாள் குறிக்க ஆய்வாளர்கள் பிடித்துக்கொள்ளும் முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்தச் சுண்ணாம்புப் பாறை.

உப்ஷிச் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு, இரவு ஏழு மணிக்கு லே வந்து சேர்ந்தோம்.